மார்கழியில் பாதியில் அணைந்த கீசர்

தங்கை மாப்பிள்ளை நேற்று போன் செய்தார். எங்கள் வீட்டில் இருக்கிற அதே 15 லிட்டர் கீசர் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். போன வாரம்தான் அதைக் கழற்றி மாட்டியிருக்கிறோம்.

மயிலாடுதுறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஆறு வருஷத்தில் டேங்க் ஒரு சொட்டு ஒழுகியதில்லை, ராத்திரி போட்டு நிறுத்தினால் விடியற்காலையில்கூடக் குளிக்கிற சூடு இருக்கும். ஆனால் இந்த மார்கழி முழுக்கப் பாதியில் அணைந்துகொண்டே இருந்தது. போட்டுப் பத்து நிமிஷத்தில் விளக்கு அணையும், தண்ணீர் வெதுவெதுப்பிலேயே நிற்கும். அம்மா அஞ்சு மணிக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர், மூட்டு வலிக்காரர், பச்சைத் தண்ணீர் ஆகாது. சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்துகிற கட்-அவுட்டின் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் திரும்ப எரியும், ஆனால் அது இருப்பது அடிமூடிக்குள். இருட்டில் மெயினை அணைத்து, டார்ச்சோடு ஸ்டூலில் ஏறி, ஸ்க்ரூ கழற்றி, அமுக்கி, திரும்ப மூட வேண்டும். இருபது நாளில் பதினோரு தடவை.

கம்பெனி ஆள் இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் சூட்டின் அளவைப் பார்த்துக்கொள்கிற தெர்மோஸ்டாட்டை மாற்றிக் காசு வாங்கிக்கொண்டு போனார். டேங்கைத் திறந்தே பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் கடைத்தெரு எலெக்ட்ரீஷியன்தான் தண்ணீரை வடித்து அடித்தட்டை இறக்கினார். தண்ணீரைச் சூடாக்குகிற காயில் கண்ணுக்கே தெரியவில்லை, மேலே வெள்ளை வெளேரென்று கொழுக்கட்டை மாதிரி உப்பு. அடியில் உதிர்ந்து கிடந்ததை அள்ளினால் முக்கால் படி தேறும். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து படிவதுதான். அது காயிலின் சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் பிடித்து வைக்க, அந்த அனல் பக்கத்திலிருக்கிற கட்-அவுட்டில் ஏறி, தண்ணீர் காய்வதற்கு முன்பே அணைத்திருக்கிறது. டேங்க் துருப்பிடிக்காமல் காக்கிற மெக்னீசியக் கம்பி கரைந்து நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. புதுக் காயில், புதுக் கம்பி போட்டோம். 75 டிகிரியில் வைத்திருந்ததை 60க்கு இறக்கினோம், சூடு கூடக் கூட உப்பும் கூடுதலாகப் படியுமாம். இப்போது 2000 வாட்டில் இருபது நிமிஷத்தில் தயார். கரண்ட் லோ வோல்டேஜில் வந்தால் அரை மணி.

சரி, கட்-அவுட் தன் வேலையைத்தான் செய்தது. ஏன் அணைந்தது என்று பார்க்காமல் யாரும் அமுக்கிக்கொண்டே இருக்கக் கூடாது என்றுதான் பொத்தானை உள்ளே வைக்கிறார்கள், அதுவும் நியாயம். உப்பு எங்கள் தண்ணீரின் குற்றம். ஆனாலும் மாப்பிள்ளையிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து உப்பு எடுங்கள் என்று அந்தக் கம்பெனி ஆள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அம்மா அந்த மூட்டு வலியோடு அடுப்பில் வெந்நீர் போட்டு, அடுக்களையிலிருந்து கொல்லைப்புறம் வரைக்கும் குண்டானைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டாம்.