ஃபின்னிஷா போஜ்புரியா: அம்பது லட்சமும் அஞ்சு கோடியும்

எங்க அக்கா கல்யாணமாகி ஃபின்லாந்துல தாம்பேரேங்கற ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆச்சு, அங்க ஃபின்னிஷ் கிளாஸுக்குப் போயிட்டிருக்கா. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கேன், என் டேபிளுக்குப் பக்கத்து டேபிள்ல பீகார் சாப்ரா பக்கத்துலேருந்து வந்த ஒரு தம்பி. ராத்திரி போன்ல அவ ஃபின்னிஷ் சொல்லுவா, காலைல டீ டைம்ல இவன் போஜ்புரி சொல்லுவான். ரெண்டையும் ஒரே சமயத்துல காதுல வாங்கிட்டே இருந்ததுல இப்படி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கற பழக்கம் வந்துருச்சு.

குடும்பம் வேற வேற. ஃபின்னிஷ் யுராலிக், எஸ்டோனியன் நெருங்கின சொந்தம், ஹங்கேரியன் ரொம்ப தூரத்து சொந்தம். போஜ்புரி இந்தோ ஆரியம், மைதிலி மகஹி எல்லாம் கூடப் பொறந்ததுங்க. சம்பந்தமே இல்லன்னுதான் நெனச்சேன், ஆனா அக்கா ஒருநாள் நூறுக்கு ஃபின்னிஷ்ல 'சதா'ன்னு சொன்னா. நம்ம சதம்! சுத்தியலுக்கு 'வசரா'வாம், அது வஜ்ராயுதத்துல வர்ற வஜ்ரம். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஃபின்னிஷோட மூதாதை மொழி பேசுனவங்க பழைய இந்தோ ஈரானிய ஆளுங்ககிட்ட கடன் வாங்கின வார்த்தைங்க இதெல்லாம். சாப்ரா தம்பி நூறை 'சௌ'ன்னு சொல்றான், அதுவும் அதே சதத்துலேருந்து தேஞ்சு வந்ததுதான்.

இலக்கணத்துக்கு வந்தா தமிழ்க்காரங்களுக்கு ஃபின்னிஷ் ரொம்ப பழகின வீடு மாதிரி இருக்கும். தலோன்னா வீடு, தலொஸ்ஸான்னா வீட்டுல, தலொஸ்தான்னா வீட்டுலேருந்து, கடைசி 'ஓ'வ இழுத்து ஒரு 'ன்' சேத்து 'தலோன்'னு சொன்னா வீட்டுக்குள்ள போறது. பதினஞ்சு வேற்றுமைன்னு கேட்டதும் வெள்ளக்காரங்க பயந்துக்கறாங்க, நமக்கு என்ன பயம், வீடு வீட்டுலன்னு நடுவுல எழுத்து ரெட்டிக்கறதையே யோசிக்காம பேசுறோம். அங்க அது தலைகீழா நடக்கும், கடைன்னா கௌப்பா, கடையிலன்னா கௌபஸ்ஸா, ரெட்டை ஒத்தையாயிடும். குறில் நெடில் ஒற்று விஷயத்துலயும் அப்படியே நம்ம கணக்கு: துலின்னா நெருப்பு, தூலின்னா காத்து, துல்லின்னா கஸ்டம்ஸ். அக்கா கிளாஸ்ல மத்த நாட்டுக்காரங்க இந்த மூணையும் கலந்து அடிக்கறப்ப இவ மட்டும் முதல் நாளே சரியா சொன்னாளாம், படம் பாடம் பட்டம்னு சொல்லி வளந்த நாக்கு இல்லையா. ஆனா அர்த்தம் புடிக்கறதுல கஷ்டம், சதா, வசரா மாதிரி ஒண்ணு ரெண்டத் தவிர வார்த்தை எதுவும் தெரிஞ்சதா இருக்காது, மனப்பாடம்தான் பண்ணணும்.

போஜ்புரி அதுக்கு நேர் எதிர். சினிமாவுல கேட்டது, சமஸ்கிருத வார்த்தை, இந்தி வார்த்தைன்னு பாதி சொல்லு ஏற்கெனவே காதுல விழுந்ததா இருக்கும், அமைப்புதான் புதுசு. அதுலயும் இந்தியவிட நமக்கு நெருக்கம்னு எனக்குத் தோணுது. இந்தியில 'நான் சாப்பிட்டேன்'னு சொல்ல 'நான்'ல 'நே' ஒட்டணும், போஜ்புரில அந்த 'நே'யே கிடையாது. மேசை ஆம்பளையா நாற்காலி பொம்பளையான்னு தேடற தொல்லையும் ரொம்பக் குறைச்சல். ஃபின்னிஷ்ல அந்தத் தொல்லை சுத்தமாவே இல்ல, அவன் அவள் ரெண்டுக்கும் 'ஹேன்'னு ஒரே வார்த்தைதான்.

எனக்கு ரொம்ப புடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. 'என்கிட்ட புக் இருக்கு'ங்கறத ரெண்டுலயும் கேட்டேன். அக்கா 'மினுல்லா ஒன் கிர்யா'ன்னா, என்மேல புக் இருக்குங்கற மாதிரி. தம்பி 'ஹம்ரா லகே கிதாப் பா'ன்னான், லகேன்னா பக்கத்துல, கிட்ட. நம்ம 'என்கிட்ட'யும் அதே கிட்டதானே! மூணு மொழிக்கும் மூணு குடும்பம், ஆனா மூணுலயும் பொருள் நம்மகிட்ட வந்து இருக்குதே தவிர நாம அத வச்சுக்கறதா சொல்லறதில்ல. எண்ணிக்கையும் இப்படித்தான், நாம ரெண்டு வீடுன்னு ஒருமையில சொல்றோம், போஜ்புரில 'து கோ கர்', ஃபின்னிஷ்ல 'காக்ஸி தலோஆ', எங்கயும் 'வீடுகள்' இல்ல.

மரியாதைல போஜ்புரிதான் நம்ம ஆளு. தேன்னா டேய் போடுறது, தூன்னா நீ, ரவுவான்னா நீங்க. ரவுவா போட்டா வினையும் மாறும், 'ரவுவா கஹான் ஜாத் பானீ'ன்னா நீங்க எங்க போறீங்க, அதே 'பானீ'தான் 'ஹம் ஜாத் பானீ'லயும், அதாவது நான் போறேன். பெரியவங்களுக்கும் தனக்கும் ஒரே வினை, இத வேற எங்கயும் நான் கேட்டதில்ல. ஃபின்லாந்துல டீச்சரையும் டாக்டரையும்கூட 'சினா'ன்னு நீ போட்டே பேசுவாங்க, மரியாதைச் சொல்லு இருக்கு ஆனா வெளிய எடுக்கறது அபூர்வம். அக்காவுக்கு இன்னும் அது வாயில வரமாட்டேங்குது.

சரி, இதெல்லாம் விடுங்க. என்னைத் தூங்கவிடாம பண்ணினது ஆள் கணக்கு. ஃபின்னிஷ் தாய்மொழியா பேசறவங்க சுமாரா அம்பது லட்சம். போஜ்புரி 2011 சென்சஸ்ல இந்தியாவுல மட்டும் 5 கோடிக்கு மேல. பத்து மடங்கு! ஆனா ஃபின்னிஷ்ல டாக்டருக்குப் படிக்கலாம், கோர்ட்ல வாதாடலாம், 1995லேருந்து ஐரோப்பிய யூனியனோட ஆட்சிமொழிகள்ல ஒண்ணு. போஜ்புரி நம்ம அரசியல் சட்டத்துல அங்கீகாரம் பெற்ற மொழிகளோட பட்டியலான எட்டாவது அட்டவணைலயே இல்ல, அந்த அஞ்சு கோடியும் சென்சஸ்ல இந்திக்குக் கீழ ஒரு வரியாத்தான் இருக்கு. மைதிலிக்கு 2003ல சட்டத்திருத்தம் போட்டு எடம் குடுத்தாங்க, போஜ்புரி இன்னும் வாசல்லயே நிக்குது.

ஃபின்னிஷும் ஒரு காலத்துல இதே நெலமைலதான் இருந்துச்சு. 1809 வரைக்கும் ஸ்வீடன் ஆட்சி, படிச்சவன் அதிகாரி எல்லாம் ஸ்வீடிஷ்தான், ஃபின்னிஷ் பண்ணைக்காரன் பாஷை. அதுக்கப்புறம் ரஷ்யாவுக்குக் கீழ இருக்கறப்ப எலியாஸ் லோன்ரோத்னு ஒரு டாக்டர், தையல்காரர் மகன், கரேலியா பக்கம் கிராமம் கிராமமா நடந்து பாட்டு சேத்து 1835ல கலெவலாங்கற காவியமா போட்டார். 1858ல யூவாஸ்குலாங்கற ஊர்ல முதல் ஃபின்னிஷ் உயர்நிலைப் பள்ளி, 1863ல ஆட்சிமொழி ஆணை. இதுல எனக்கு முக்கியமாப் படறது என்னன்னா ஸ்வீடிஷ் பேசுன படிச்ச குடும்பங்க பலதும் வீட்டுப் பேச்சையே ஃபின்னிஷுக்கு மாத்திக்கிட்டாங்க, 1906ல ஆயிரக்கணக்கான பேர் குடும்பப் பேரையே மாத்துனாங்க. மேல இருந்தவங்க எறங்கி வந்தாங்க.

போஜ்புரில பாட்டுக்கும் ஆளுக்கும் பஞ்சமா? பிகாரி டாக்கூர் இருந்தார், 1887ல சாரண் ஜில்லால பொறந்தவர், முடிதிருத்தற குடும்பம், கல்கத்தாவுக்குப் பொழைக்கப் போன புருஷனுக்காக ஏங்கற பொண்ணோட கதைய பிதேசியான்னு நாடகமாப் போட்டு ஊர் ஊரா ஆடினார். 1834லேருந்து கூலிக்கப்பல் ஏறிப் போன சனம் மொரிஷியஸ், கயானா, டிரினிடாட், சுரினாம், ஃபிஜின்னு இந்த மொழியக் கொண்டுபோச்சு, மொரிஷியஸோட கீத் கவாய் கல்யாணப் பாட்ட 2016ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. ஆனா பள்ளிக்கூடம் போனவங்க இந்திக்கு ஏறிப் போயிட்டாங்க. பிரேம்சந்த் பொறந்த லம்ஹி போஜ்புரி பேசற மண்ணு, அவர் எழுதுனது உருதுவும் இந்தியும். அவரைக் குத்தம் சொல்லல, சோறும் பேரும் அந்தப் பக்கம் இருந்துச்சு.

சாப்ரா தம்பி வேலைக்குச் சேந்த அன்னிக்கு உன் பாஷை என்னன்னு கேட்டேன், 'இந்தி அண்ணா'ன்னான். அன்னிக்கு சாயங்காலமே ஊர்லேருந்து அவங்கம்மா கூப்பிட்டாங்க, இவன் மூஞ்சியே மாறிப்போய் 'கா ஹால் பா மாயி'ன்னு ஆரம்பிச்சான், அதுல இந்தி எங்க இருக்கு?

கத்துக்கணும்னா ஃபின்னிஷுக்கு வழி ஜாஸ்தி, அந்த நாட்டு அரசு ரேடியோ டிவியான யூலே புதுசா கத்துக்கறவங்களுக்கும் புரியற மாதிரி எளிய ஃபின்னிஷ்ல நியூஸ் வாசிக்குது, அக்கா தினம் அதக் கேட்டுத்தான் தேறினா. போஜ்புரிக்கு அந்த மாதிரி எதுவும் என் கண்ணுல படல, பக்கத்துல இருக்கற ஆளுதான் புஸ்தகம், நான் போஜ்புரியத்தான் புடிச்சுக்கிட்டேன். 'ஹம் போஜ்புரி சீகத் பானீ', சீகத்னா கத்துக்கிட்டு, பானீன்னா இருக்கேன், அப்படியே தமிழ் வரிசை. முதல்தடவ சொன்னப்ப தம்பி கையில இருந்த பீஸ கீழ வச்சுட்டு அடுத்த லைன்ல இருந்த நாலு பேரையும் கூப்பிட்டான், அவங்க முன்னாடி இன்னொருவாட்டி சொல்லச் சொன்னான்.