அப்பாவின் முழங்கையும் ஒரு கோனியோமீட்டரும்: இரண்டு வருஷம் கழித்து

அப்பாவின் விறைத்த முழங்கையை அளக்கிற கோனியோமீட்டரின் ரிவிட் போன வாரம் கழன்று கையோடு வந்துவிட்டது. அன்றைக்கென்று பார்த்து நண்பர் போன் பண்ணினார்: "மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து கை விறைச்சுக்கிட்டு இருக்குதுங்க. நீங்க வெச்சிருக்கிற கோனியோமீட்டர் வாங்கலாமுங்களா?" கேட்ட நேரம் சரியில்லை.

ஸ்கூல் பாகைமானிக்கு இரண்டு கால் முளைத்த மாதிரி ஒரு பிளாஸ்டிக், அவ்வளவுதான். அச்சை முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முண்டில் வைத்து, ஒரு காலைத் தோளுக்கும் இன்னொன்றைக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டுக்கும் நேராகப் பிடித்தால் கோணம் தெரியும். எண்கள் இன்னும் அழியவில்லை. அதைப் பாராட்டியாக வேண்டும்.

எரிச்சல் வேறு இடத்தில். சும்மா கிடக்கிற கையை அளந்து விறைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. 1980-இல் ஜேம்ஸ் லான்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் விறைப்புக்குக் கொடுத்த விளக்கமே வேகத்தை வைத்துத்தான்: வேகமாக நீட்ட நீட்டத் தசை அதிகமாக எதிர்க்கும். அதனால் டார்டியூ முறையில் ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை வெடுக்கென்று நீட்டி, எங்கே பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நீட்டுவதற்கே என் இரண்டு கையும் போய்விட்டது. இந்தச் சனியனைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவேன்? விறைத்துப் பிடித்த அப்பாவின் கையோ நொடியில் தளர்ந்துவிடும். திரும்பத் திரும்ப நீட்டினால் தசை இளகி வேறு எண் காட்டும். கடைசியில் பையனை போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, பிடித்த இடத்தில் படத்தை நிறுத்தி, திரை மேலேயே இதை வைத்துப் படித்தோம். கீழே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக்காக இருந்ததன் ஒரே புண்ணியம்.

பிசியோ போடுவது ஆஷ்வொர்த் எண்: கையை நீட்டிப் பார்த்து, எவ்வளவு எதிர்க்கிறது என்று உணர்ந்து போடுகிற மதிப்பெண். 1964-இல் வந்த அளவுகோல். 1987-இல் 1-க்கும் 2-க்கும் நடுவே ஒரு 1+ செருகினார்கள். கருவி வேண்டாம், ஒரு நொடியில் முடிந்துவிடும். அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பதினாலு மாதமாக அப்பாவுக்கு '2', '2', '2'. என் நோட்டில் முதலில் எழுதியது: மெதுவாக நீட்டினால் நேராக 20 பாகை பாக்கி, வேகமாக என்றால் 75-இலேயே பிடிப்பு. இப்போது 15, 45. இரண்டுக்கும் இடைவெளி பெரிதென்றால் விறைப்பு. குறைவென்றால் தசையே சுருங்கிக் கிடக்கிறது, விறைப்பைத் தளர்த்துகிற போட்டாக்ஸ் ஊசி அதை நீட்டாது. '2' இதைச் சொல்லவே இல்லை.

மார்கழியில் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குப் போனோம். பனியில் 80-இல் பிடித்துக்கொண்டது. "இருபது கொண்டை ஊசியும் ஏறியாச்சு, கை மட்டும் அடிவாரத்துலயே நிக்குது" என்றார் அப்பா.

ரிவிட்டுக்கு சேலம் சிவதாபுரத்தில் அப்பா வேலை பார்த்த கொலுசுப் பட்டறைக்கே போனேன். அங்கிருந்த அண்ணன் வெள்ளிக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி, இரண்டு பக்கமும் தட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. இப்போது அசையவே மாட்டேன் என்கிறது. அப்பா இடது கையால் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் விறைப்பு வந்துருச்சாட்டம் இருக்கே" என்றார். மெதுவாகத் திருப்பினாலும் வேகமாகத் திருப்பினாலும் ஒரே இறுக்கம். இது விறைப்பு இல்லப்பா, வெறும் மக்கர் என்றேன்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க. பிசியோகிட்ட ரெண்டு வேகத்துலயும் கோணத்தை எழுதித் தரச் சொல்லுங்க. என்னுடையதை இரவல் கேட்க வேண்டாம். அடுத்த மாதம் அப்பாவுக்கு ஊசி, அதற்கு முன்னும் பின்னும் நான் அளக்க வேண்டும்.