கிளவுட் கேமிங்கா, சொந்த பிசியா? தென்காசி பக்கத்து செங்கோட்டைல இருந்து ஒரு கணக்கு

பக்கத்து வீட்டு தம்பி கேட்டான், அண்ணே பிசி வாங்க காசு இல்ல, கிளவுட்ல, அதாவது தூரத்துல இருக்கற சர்வர் கம்ப்யூட்டர்ல ஓடுற கேம நெட்டு வழியா ஆடுனா லேக் (தாமதம்) அடிக்குமான்னு. அடிக்கும்டே, ஆனா எந்த கேம்ங்கறதுதான் கேள்வி.

சொந்த பிசில பட்டன் அமுக்குனா வேலை மொத்தமும் ரூமுக்குள்ளயே முடிஞ்சிரும். கிளவுட்ல அந்த அமுக்கு சர்வருக்குப் போயி, அங்க படம் வரைஞ்சு, வீடியோவா சுருக்கி, திரும்ப வந்து நம்ம திரைல விரியணும். சர்வர் மும்பைல இருக்குன்னு வச்சுக்க, நேர்கோட்டுலயே சுமார் 1,200 கிமீ, ஃபைபர்ல ஒளி ஒரு மில்லிசெகண்டுக்கு 200 கிமீ போகும், அப்போ போக வர 12 மில்லிசெகண்ட் சும்மாவே போச்சு, செகண்டுக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடுனா ஒரு ஃபிரேமுக்கே 16.7 மில்லிசெகண்ட் தான். கேபிள் நேராவா போகுது, நிஜத்துல இன்னும் கூடும்.

அதவிட மோசம் பிங், அதாவது இந்த போக வர நேரம், ஏறி இறங்குறது. ஆனி ஆடில புளியரை பக்கம் சாரக்காத்து அடிக்கையில எங்க வீட்டு நெட்டு ஆடுற ஆட்டம் இருக்கே! சண்டை கேம், ஷூட்டிங்லாம் அப்ப வேலைக்கே ஆகாது. செஸ், கார்டு, கதை கேம்னா தாராளமா ஆடலாம்.

டேட்டாவும் பாத்துக்க, 20 எம்பிபிஎஸ் வேகத்துல வீடியோ வந்தா ஒரு மணி நேரத்துக்கு 9 ஜிபி. பிசின்னா ஒருதடவை டவுன்லோடு, அப்புறம் அப்டேட்டு மட்டும், ஆனா விலை கண்ணைக் கட்டும்.

கூகுளோட கிளவுட் கேமிங் சேவை ஸ்டேடியா 2019ல வந்து 2023 ஜனவரில மூடுனாங்க, காசத் திருப்பிக் குடுத்தாங்க, அது வரைக்கும் நல்லது. எனக்குன்னா பழைய பிசியே போதும். தம்பிக்கு, வருசச் சந்தா வேண்டாம், முதல்ல ஒரு மாசம் கிளவுட், அதுவும் வைஃபை இல்லாம லேன் கேபிள் சொருகி.