திண்டுக்கல் கிணற்றுக்கு எது காவல்: பொருள் தடையா, கார்பன் வரியா, வரிச்சலுகையா?

திண்டுக்கல்லில் பதனிடும் தோல் செருப்பாகவும் பையாகவும் கடல் கடந்து போகிறது. அதைக் கழுவிய உப்புத் தண்ணீர் இங்கேயே தங்கிவிடுகிறது. 1996 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் அவற்றில் ஒன்று. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. வாங்கும் நாடுகளின் வணிகக் கொள்கை இந்தத் தண்ணீரைக் காக்குமா என்பதுதான் கேள்வி. வழிகள் மூன்று.

வேகமாக வேலை செய்வது பொருள் தடை, அதாவது குறிப்பிட்ட நச்சு வேதிப்பொருள் அளவுக்கு மீறி இருக்கும் சரக்கை உள்ளே விடாமல் தடுப்பது. தோலில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சேர்த்த பென்டாகுளோரோபீனாலை 1989இல் ஜெர்மனி தடுத்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான் வரம்பு. 1994இல் புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளிவிடும் அஸோ வகைச் சாயங்களுக்கும் அங்கே தடை வந்தது. 1997இல் இந்தியாவே 112 சாயங்களை விலக்கியது. ஒரு துண்டுத் தோலும் ஒரு ஆய்வகமும் இருந்தால் போதும், சரக்கு தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். அதனால்தான் இந்த முறைக்கு இவ்வளவு பலம்.

2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் உடலுக்குக் கேடான குரோமியம்-6க்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஆலையில் யாரும் குரோமியம்-6ஐச் சேர்ப்பதில்லை. பதனிடச் சேர்த்த குரோமியம்-3தான் பின்னால் மாறிவிடுகிறது. காரம் ஏற்றி நடுநிலையாக்கும்போது அளவு மீறினாலும், மீன் எண்ணெய் போன்ற எளிதில் ஆக்சிஜனேறும் எண்ணெயைப் போட்டாலும், காய்ந்த சூட்டில் தோலை அடுக்கி வைத்தாலும் இது நடக்கும். நம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கு ஒன்றே போதும், புறப்படும்போது தேறிய சரக்கு போய்ச் சேரும்போது தேறாமல் போக. கடைசிக் கட்டத்தில் அமிலத்தன்மையைக் காப்பதும், பட்டைச் சாற்றால் மறுபதனிடுவதும் இதற்கு மாற்று.

ஆனால் உப்பு இந்தத் தடையின் கண்ணில் படுவதே இல்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்க அதன் எடையில் 40 விழுக்காடு வரை உப்பு போடுகிறார்கள். ஊறல் தொட்டியில் அது கரைந்து வெளியேறிய பிறகு தோலில் என்ன சோதித்தாலும் தெரியாது. புவிசார் குறியீடு பெற்ற ஈஸ்ட் இந்தியா தோல் மரப்பட்டைச் சாற்றில் பதனிடப்படுவது. அதில் குரோமியமே கிடையாது. ஆயினும் ஊறல் தொட்டியில் அதுவும் அதே உப்பைத்தான் விடுகிறது. கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் (இங்கே பெரும்பாலும் உப்பு) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. முதல் ஊறல் நீரைத் தனியே பிரிக்காமல் மற்றதோடு கலந்துவிட்டால் அந்த வரம்பைத் தொடுவது பெரும்பாடு.

இரண்டாவது வழியான எல்லைக் கார்பன் வரியை, அதாவது ஒரு பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்காக இறக்குமதியில் விதிக்கும் வரியை, சுருக்கமாகவே பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் அதை முழுமையாக நடைமுறைப்படுத்துகிறது: இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன். தோல் இதில் இல்லை. இருக்கவும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவலில் வடித்து, மிஞ்சிய உப்புநீரை ஆவியாக்கியில் காய்ச்சும் ஆலைக்கு விறகும் மின்சாரமும் கூடுதலாகப் பிடிக்கும். கார்பனை மட்டும் எண்ணினால், ஓடையில் திறந்துவிடுபவரை விட இவருக்கே வரி கூடும்.

மூன்றாவது வழி, நிபந்தனையுடன் கூடிய வரிச்சலுகை. சில வளரும் நாடுகளின் பொருள்களுக்கு இறக்குமதி வரியைக் குறைக்கும் ஐரோப்பாவின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகைக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளை நிறைவேற்ற வேண்டும். 2010இல் இலங்கை அதை இழந்தது, 2017இல் திரும்பப் பெற்றது. காரணம் மனித உரிமை என்றாலும், பறிக்கக்கூடிய சலுகைக்கு எவ்வளவு வலு என்பது அதில் தெரிந்தது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு வாசல், வணிக ஒப்பந்தங்களின் சுற்றுச்சூழல் அத்தியாயம்தான்.

அங்கே கேட்க வேண்டியது ஒரு உப்புக் கணக்கு. வந்த தோலில் எவ்வளவு உப்பு, மரச்சட்டத்தில் தட்டி உதிர்த்தது எவ்வளவு, ஊறல் நீரைக் காயவைக்கும் பாத்தியில் வாரியது எவ்வளவு, ஆவியாக்கியில் கிடைத்தது எவ்வளவு? ஒரு தராசும் ஒரு நோட்டும் போதும். துண்டு விழும் கிலோவெல்லாம் மண்ணுக்குள் போன உப்பு. பாத்தியின் விரிப்பு கிழிந்தாலும், ஐப்பசி மழையில் வாரிய உப்பு கரைந்தாலும் அந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

உற்பத்தி முறையை வைத்து வணிகத்தில் வேறுபாடு காட்டலாமா என்ற சட்டக் கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. ஆமை தப்பும் கருவி இல்லாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து வழக்குத் தொடுத்தன. 1998இல் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு, நோக்கம் சரி, நாட்டுக்கு நாடு பாரபட்சம் காட்டியதுதான் தவறு என்றது. திருத்திய விதி 2001இல் தேறியது.

ஆகவே பொருள் வரம்பு அடித்தளமாக இருக்கட்டும், அதன் மேல் உப்புக் கணக்கோடு கட்டிய சலுகை வரட்டும். ஒரு சிக்கல் உண்டு: சலுகையில் மிஞ்சும் பணம் முதலில் இறக்குமதியாளர் கைக்குத்தான் போகும். ஆவியாக்கிச் செலவில் அவர் பங்கு என்ன என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.