பிளாஸ்டிக் ஸ்டூலா, உயர ஸ்டூலா?

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. எங்கள் துணிக்கடையில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். நானும் நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தேன்.

விலை குறைவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், துடைத்தால் போதும். அதிலெல்லாம் பிளாஸ்டிக்தான் மேல். ஆனால் அதில் யாரும் உட்காரவில்லை. துணிக்கட்டுதான் உட்கார்ந்திருந்தது. கடையில் மூத்தவரிடம் கேட்டேன். "இதுல உக்காந்தா கவுண்டருக்குப் பின்னாடி மறைஞ்சுபோறோம்ணே, கடையில ஆளே இல்லைன்னு வந்தவங்க திரும்பிடுவாங்க. ஒவ்வொரு தடவையும் எந்திரிக்க முட்டி வலிக்குது, அதுக்கு நின்னுட்டே இருக்கலாம்" என்றார்.

விஷயமே அந்த உயரம்தான். கவுண்டர் 36 அங்குலம், பிளாஸ்டிக் ஸ்டூல் 18. வெல்டிங் பட்டறையில் சொல்லி 27 அங்குலத்தில் இரும்பு ஸ்டூல் செய்தேன், தரையிலிருந்து 10 அங்குலத்தில் கால் வைக்க ஒரு வளையத்தோடு. இதில் உட்கார்ந்தவர் முகம் வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகவே இருக்கிறது. எழ வேண்டாம், காலைத் தரையில் ஊன்றினால் நின்றாயிற்று. அசையாமல் நின்றால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளுவதில்லை, அது காலிலேயே தேங்கிக் கால் வீங்குகிறது. இப்போது நாள் முழுக்க உட்கார்வதும் நிற்பதுமாக மாறிமாறிப் போகிறது. வளையம் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும்.

குறையும் உண்டு. கண்ணாடி கவுண்டரில் முட்டிக்கு இடமில்லை, ஒருக்களித்துத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. குள்ளமானவர் ஏறச் சிரமப்படுகிறார். ஒரு ஸ்டூலுக்கு ரெக்சின் கிழிந்து மாற்றியாயிற்று. பத்து மாதப் பழக்கத்தில் சொல்கிறேன், முதுகுவலிக்கு இது எப்படி என்று சொல்ல அது போதாது. மெத்தை விரித்துத் தரையில் உட்கார்ந்து பட்டு காட்டும் கடைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வீணாகவில்லை. வாசல் பக்கம் போட்டிருக்கிறேன், மனைவி சேலை எடுத்து முடிக்கும்வரை கணவர்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.