டீசல் இன்ஜினுக்குக் கண்ணாடிக் கிண்ண பில்டர்: பல போகம் ஓட்டிய அனுபவம்

நீடாமங்கலம் பக்கம் ஆற்றில் முறைத் தண்ணீர் தள்ளிப் போனால் நாற்றங்காலைக் காப்பாற்றுவது டீசல் இன்ஜின்தான். இன்ஜினோடு வந்தது பேப்பர் பில்டர் மட்டும். டேங்குக்கும் அதற்கும் நடுவில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த வண்டல் பில்டர் ஒன்றைச் சேர்த்துப் பல போகம் ஓட்டியாகிவிட்டது.

இதனால் பெரிய லாபம், தண்ணீர் கண்ணில் படுவது. டீசலைக் கேனில் கொண்டு வருகிறோம், டேங்க் பாதி காலியாகக் கிடக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் காற்றெல்லாம் ஈரம். எப்படியும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேரும். டீசலைவிடக் கனம் என்பதால் கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாக உருண்டு நிற்கும். சில மாதம் ஓட்டாமல் விட்டால் டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கறுப்பாக, வழவழவென்று ஒன்று படியும். நுண்ணுயிர் வேலை அது. வெறும் பேப்பர் பில்டர் என்றால் இதெல்லாம் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் கெட்டு, மெக்கானிக் டீசல் பம்பைக் கழற்றும்போதுதான் தெரியவரும்.

மாட்டும் இடம் முக்கியம். டேங்கிலிருந்து டியூப் எங்கும் தொய்யாமல் இறங்க வேண்டும். டீசல் போகும் வழியிலேயே கிண்ணம்தான் ஆகத் தாழ்வாக இருக்க வேண்டும். வீட்டிலேயே கட்டும் சின்ன விமானங்களிலும் இதே ஏற்பாடுதான். கிளம்பும் முன் அடி வால்வைத் திறந்து, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நமக்கு இன்ஜின் நின்றால் வரப்பில் உட்காரலாம், அவர்களுக்கு அது முடியாதே!

சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு: வேட்டித் துணியில் வடித்தால் தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது, நூல் வேறு பிரிந்து போகும். சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போடாதீர்கள், டீசலில் ஊறி உப்பிவிடும். நைட்ரில் ரப்பர் வாஷர் கேட்டு வாங்குங்கள். ஜி.ஐ. குழாயும் வேண்டாம், அதன் துத்தநாகப் பூச்சுக்கும் டீசலுக்கும் ஆகாது.

தொல்லை என்றால், கிண்ணத்தைக் கழற்றிக் கழுவும் ஒவ்வொரு முறையும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பேப்பர் பில்டர் மேலிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வழிந்ததும் இறுக்கினால் சரி. அப்புறம், கிண்ணம் வந்துவிட்டது என்று பேப்பர் பில்டரை எடுத்துவிடக் கூடாது. கிண்ணத்து வலைக்குள் நைசான தூசி தாராளமாகப் புகுந்து போகும்.

பிளாஸ்டிக் கிண்ணத்திலும் கிடைக்கிறது, உடையாது. ஆனால் நாளாக ஆக மஞ்சளித்து உள்ளே இருப்பது தெரியாமல் போவதால் என் ஓட்டு கண்ணாடிக்குத்தான்.