டெல்லி–சென்னை புஷ்பேக் சீட்: பட்டன் இருக்கிறது, சாய்வு இல்லை

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து பிளாக் நண்பர், ஊரிலிருந்து வயதான அம்மாவை விமானத்தில் அழைத்து வருகிறார். "சார், நீங்கதான் அடிக்கடி போய் வர்றீங்க. காசு கட்டி எக்ஸிட் வரிசையில போட்டுடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது அவசரக் கதவை ஒட்டிய வரிசை, வயதானவர்களுக்குத் தர மாட்டார்கள். அவசரத்தில் கதவைத் திறக்க உடம்பில் வலு வேண்டும். தவிர, ஏ320 ரக விமானத்தில் அடுத்தடுத்து இரண்டு எக்ஸிட் வரிசை இருந்தால் அதில் முன் வரிசை சாயாது. பின்னால் வெளியேறும் வழி அடைபடக் கூடாது என்பதற்காக அப்படி. அதில் எனக்குக் குறையே இல்லை.

என் கோபமெல்லாம் சாய வேண்டிய சீட் சாயாததைப் பற்றித்தான்.

எனக்கு இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. சென்னைக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்தால் மீனம்பாக்கத்தில் எழுந்திருக்கவே முன் சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எகானமியில் சாய்வு என்பது இரண்டு மூன்று அங்குலம்தான். ஆனால் அந்த இரண்டு அங்குலம் கிடைத்ததும் இடுப்பிலிருந்த பாரம் சீட்டின் முதுகுக்கு மாறுவது நன்றாகவே தெரியும், கால் மரத்துப்போவதும் குறையும். முதுகுவலிக்காரருக்கு இது பெரிய உபகாரம். சாப்பாட்டு நேரத்தில் பின்னால் இருப்பவருக்காக நிமிர்த்திவிடுவேன், அவ்வளவுதான்.

கைப்பிடியிலுள்ள பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு கேபிள் இழுபட்டு, சீட்டின் பூட்டுச் சிலிண்டர் விடுபடும். கேபிள் தளர்ந்துவிட்டால் பட்டன் மட்டும் லொடக்கென்று உள்ளே போகும், முதுகு அசையாது. போன முறை இரவு விமானத்தில் காசு கட்டி வாங்கிய சீட் அப்படித்தான். பணிப்பெண் பாவம், பட்டனை அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் சீட்டைத் தள்ளிப் பார்த்தார். "டெக்னிக்கல் டீமுக்கு எழுதிடறேன் சார்" என்றார். விமானம் நிறைந்திருந்தது, மாற்றிக்கொடுக்க வேறு இடமில்லை.

நிமிர்ந்து பூட்டிக்கொள்ளாத சீட்டில் ஆளை உட்காரவைத்துப் புறப்படக் கூடாது. நிமிர்ந்தபடியே சிக்கிக்கொண்ட சீட்டில் உட்காரவைக்கலாம். பாதிக் கதவுகள் வழியாகவே 90 விநாடிக்குள் எல்லாரும் வெளியேறிவிட முடியும் என்று காட்டிய பிறகுதான் ஒரு விமான மாடலுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. சாய்ந்து நிற்கும் சீட் அந்த வழியில் குறுக்கே நிற்கும், நிமிர்ந்தது நிற்காது. அதனால் சாயாத சீட்டைப் பழுதுபார்ப்பது தள்ளிப்போகிறது. பாதுகாப்பு என்று பார்த்தால் சரிதான். ஆனால் பழுது என்று எழுதிவைத்த சீட்டை, ஒரு வார்த்தை சொல்லாமல் முழு விலைக்கு விற்பது என்ன நியாயம்? ஐரோப்பாவில் ரயன்ஏர் சீட்டுகள் சாயவே சாயாது, பட்டனும் கிடையாது. எடை குறைவு, பழுதும் குறைவு. ஏறுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று முன்பே தெரியும். அதை நான் மதிக்கிறேன்.

ஒழுங்காகச் சாய்கிற சீட் கிடைத்துவிட்டால் அந்தக் கட்டணத்துக்கு அதைவிட நல்லது இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் இனி சீட்டுக்கென்று தனியாக ஒரு ரூபாய்கூடக் கட்டப் போவதில்லை. நண்பரிடமும் அதையே சொன்னேன்: செக்-இன் கவுன்டரில் அம்மாவின் வயதைச் சொல்லி, முன்பக்கம் நடைவழியோரமாக ஒரு சீட் கேளுங்கள். நான் அடுத்த முறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் போட்டாயிற்று. இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும், ஆகட்டும்.